299 ரூபாய் ஒயரும் ஒரு மதுரைப் பயணமும்

எழுதி ரொம்ப நாளாச்சு. இன்டர்னல், அசைன்மென்ட், ஸ்டூடியோ வேலை, அப்புறம் கொஞ்சம் சோம்பேறித்தனம்... கடைசிக் காரணம்தான் பெரிய காரணம். அடுத்தது பங்குச்சந்தை பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது பாதியில கிடக்கு. இன்னைக்கு எழுதப்போறது ஒரு ஒயரைப் பத்தி. சார்ஜர் ஒயர்தாங்க. டைப் சி. சிரிக்காதீங்க. இந்த ஒயரால ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட்டைக் கோட்டை விட்டு, ராத்திரியோட ராத்திரியா மதுரைக்குப் போய், பல்லுகூட விளக்காம ஒருத்தர் வீட்டு வாசல்ல அசடு வழிய நின்னவன் நான்.

கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், சாயங்காலத்துல நான் குரோம்பேட்டையில ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போறேன். கேமரா எல்லாம் தொட விடமாட்டாங்க. மெமரி கார்டுகளை கம்ப்யூட்டர்ல இறக்கறது, பேர் போட்டு ஃபோல்டர்ல அடுக்கறது, பில் போடறது, ஜிஎஸ்டி கணக்கு எழுதி வைக்கறது. பி.காம். படிக்கிறவன் சும்மா கிடைச்சா யார்தான் விடுவாங்க? ஸ்டூடியோ அண்ணன் நல்ல மனுஷன். மாசக் கடைசியில சம்பளம் கேக்காமலே வந்துடும்.

2025 ஆவணியில ஒரு முகூர்த்தம். வெள்ளிக்கிழமை காலையில இங்கே தாம்பரத்துல கல்யாணம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ஊரான மதுரையில ரிசப்ஷன். அங்கே பெரிய எல்இடி திரையில கல்யாண ஹைலைட்ஸ் ஓடணும்னு பேச்சு. எடிட்டர் அண்ணனுக்கு ஊர் மதுரைதான், செல்லூர். கல்யாணம் முடிஞ்சு குடும்பத்தோட ராத்திரி பஸ்ல கிளம்பிப் போய், சனிக்கிழமை முழுக்க உக்காந்து எடிட் பண்ணுவார்னு ஏற்பாடு. பாக்கிப் பணத்துல பெரும்பகுதி அந்த ரிசப்ஷன் வீடியோ ஓடினப்புறம்தான் கைக்கு வரும்.

என் வேலை ரொம்பச் சின்னது. மூணு கேமரா, ஒரு ட்ரோன், எல்லாம் சேர்ந்து 410 ஜிபி. ஸ்டூடியோ கம்ப்யூட்டர்லேர்ந்து அதை ஒரு எஸ்எஸ்டி டிரைவுல காப்பி பண்ணி, பைக்ல பெருங்களத்தூர் போய், 11 மணி பஸ்ல ஏறப்போற எடிட்டர் கையில கொடுக்கணும். அவ்வளவுதான். ஒரு ஸ்கூல் பையன் செய்யற வேலை.

அந்த டிரைவோட பெட்டியில ஒரு ஒயர் வந்திருந்தது. ஒரு ஜாண்கூட நீளம் இல்லை. கம்ப்யூட்டர் முன்பக்கத்துல சொருகினா டிரைவ் அந்தரத்துல பல்லி மாதிரி தொங்கும். அதைப் பாத்துப் பாத்து எரிச்சலாகி, அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு செல்போன் கடையில போய் நானே என் காசுல புது ஒயர் வாங்கிட்டு வந்திருந்தேன். 299 ரூபாய். ஒரு மீட்டர் நீளம். மேலே நூல் பின்னல், ரெண்டு முனையிலயும் உலோகம், நல்ல பாம்பு தடிமன். அட்டையில பெருசா "100 வாட், சூப்பர் ஃபாஸ்ட்". அதைப் பாத்து அண்ணனே "பரவால்லையே"ன்னார். பழைய குட்டி ஒயரை மேஜை டிராயர்ல போட்டு மூடினேன்.

ஏழரைக்கு காப்பி போட்டேன். மூணு மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு. ஆரம்பத்துல அப்படித்தான் காட்டும், போகப்போகக் குறையும்னு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா அதே வேகம். விநாடிக்கு 38 எம்பி. அதுக்கு மேல ஒரு அடி நகரமாட்டேங்குது.

எனக்கு எதெது மேல எல்லாம் சந்தேகம் வந்தது தெரியுமா? ஆன்டிவைரஸை நிறுத்தினேன். பாட்டு ஓடிட்டிருந்ததை நிறுத்தினேன். டிரைவ் சூடாகியிருக்கும்னு டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சேன். எட்டரைக்கு, ஒரு மணி நேரத்துல மூணுல ஒரு பங்கு முடிஞ்சிருந்த காப்பியை நிறுத்தி, காப்பி ஆனதெல்லாம் கெட்டிருக்குமோன்னு பயந்து அழிச்சுட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். திரும்பவும் மூணு மணி நேரம். திரும்பவும் 38.

சும்மா விட்டிருந்தாகூட பத்தரைக்கு முடிஞ்சிருக்கும். பைக்கை விரட்டியிருந்தா பஸ்ஸைப் பிடிச்சிருப்பேன். இதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

நெட்ல ஏத்தி அனுப்பலாமேன்னு நீங்க கேக்கலாம். அன்னைக்கு நானும் கேட்டேன். ஸ்டூடியோ நெட்ல அப்லோட் வேகம் 40 மெகாபிட். 410 ஜிபிக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 23 மணி நேரம். எடிட்டரை அடுத்த பஸ்ல வரச் சொல்லலாமான்னா, கூட மனைவி, கைக்குழந்தை. பத்தரைக்கு அண்ணன் வந்து திரையைப் பாத்தார். ஒரு மணி நேரம் பாக்கின்னு காட்டுச்சு. திட்டலை. ஒரு நிமிஷம் பேசாம நின்னுட்டு, "நாளைக்குக் காலேஜ் உண்டா?"ன்னு கேட்டார்.

சனிக்கிழமை வேலை நாள். காலையில ஒன்பதரைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். நான் "இல்லண்ணே"ன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னும் எனக்கே சரியாத் தெரியலை. ஒயரை வாங்கினது நான்னு அப்போ தெரியாது. ஆனா காப்பி போட்டது நான், முடிக்காதது நான். பதினொன்றரைக்கு முடிஞ்சது. கிளாம்பாக்கம் போய் நடுராத்திரி அரசு பஸ். சீட் பின்னால சாயாது. டிரைவைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு, விழுப்புரம் வரைக்கும் தூங்கலை, அப்புறம் தூங்கினது தெரியலை. மாட்டுத்தாவணியில இறங்கறப்போ மணி எட்டே முக்கால். அந்நேரம் எங்க கிளாஸ்ல எல்லாரும் ஃபார்முலா மனப்பாடம் பண்ணிட்டிருந்திருப்பீங்க.

செல்லூர்ல எடிட்டர் வீடு. டிரைவை வாங்கினார், தன்னோட பையிலேர்ந்து ஒரு கட்டை ஒயரை எடுத்தார், லேப்டாப்ல சொருகினார், காப்பி போட்டார். அவங்க வீட்டுல அக்கா காபி போட்டுக் கொண்டு வந்தாங்க. குடிச்சு முடிச்சு டம்ளரைக் கீழ வெச்சேன். "ஆச்சு"ன்னார்.

எனக்குப் புரியலை. "என்னண்ணே ஆச்சு?"

"காப்பி ஆச்சு."

410 ஜிபி. பத்து நிமிஷம். நான் எட்டிப் பாத்தப்போ 700 எம்பி காட்டிட்டிருந்தது, ஏதோ கண்ணு தப்பாத் தெரியுதுன்னு நினைச்சேன். அவர் என் பையில நீட்டிட்டிருந்த அந்த நூல் பின்னல் ஒயரை எடுத்துப் பாத்தார். "தம்பி, இதுலயா காப்பி போட்ட? இது சார்ஜ் ஒயருப்பா."

"ஃபாஸ்ட் கேபிள்ணே. நூறு வாட்டு."

அவர் சிரிக்கலை. அது இன்னும் மோசமா இருந்தது.

திரும்பி வர்ற பஸ்ல எட்டு மணி நேரம். கையில போன். வேற வேலை இல்லை. அன்னைக்குப் படிச்சதும் அப்புறம் ஒரு மாசமா நோண்டித் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இனிமே வர்றது. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பக்கம் பத்தாவதோட கும்பிடு போட்டவன் நான், அதனால எனக்குப் புரிஞ்ச பாஷையிலதான் சொல்வேன்.

டைப் சி-ங்கறது ஓட்டையோட வடிவத்துக்குப் பேர். அவ்வளவுதான். 2014-ல வந்த வடிவம். எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் போகும், அது பெரிய நிம்மதி. அந்த ஓட்டைக்குள்ள 24 பின் இருக்கு. ஆனா சொருகற ஒயருக்குள்ள அத்தனைக்கும் கம்பி ஓடணும்னு கட்டாயம் இல்லை. கரண்ட்டுக்குத் தனிக் கம்பி. பழைய யூஎஸ்பி 2.0 பேச்சுக்கு ஒரே ஒரு ஜோடி கம்பி. 2000-ல வந்த அந்த யூஎஸ்பி 2.0-வோட உச்ச வேகம் 480 மெகாபிட். நிஜமா ஒரு வேகம் வேணும்னா இன்னும் நாலு ஜோடி கம்பி கூடுதலா ஓடணும். அதைப் போட்டா ஒயர் செலவு கூடும், தடிக்கும், நீளம் குறையும். போன் சார்ஜுக்குன்னு விக்கிற ஒயர்ல எதுக்கு அந்தச் செலவுன்னு போடறதே இல்லை. அதனாலதான் என் ஒயர் நூறு வாட்டையும் தாங்கும், டேட்டாவுக்கு 25 வருஷத்துக்கு முந்தின வேகத்துலயும் ஓடும். ரெண்டும் ஒரே ஒயருக்குள்ள இருக்கிற தனித்தனி சமாச்சாரம். கல்யாண மண்டபத்துல பந்திக்கூடம் பெருசுன்னா மேடையும் பெருசுன்னு அர்த்தமா? அது மாதிரி.

என்னோட தடிமன் எல்லாம் கரண்ட் போற கம்பி, அதுக்கு மேல நூல் பின்னல். பந்திக்கூடம்.

இந்த 480-ஐப் பாத்துட்டு 38 எப்படி வந்ததுன்னு குழம்பாதீங்க. ஒயர்க்காரங்க பிட்ல சொல்வாங்க, கம்ப்யூட்டர் பைட்ல காட்டும். எட்டு பிட் ஒரு பைட். 480-ஐ எட்டால வகுத்தா 60. அதுலயும் வழியில பேச்சுவார்த்தைக்கே கொஞ்சம் போயிடும், கையில கிடைக்கிறது 35லேர்ந்து 40. காப்பி போடறப்போ அந்த 35-40 கிட்டயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா, ஒயரை மாத்திப் பாக்கணும்னு அர்த்தம். எனக்கு யாராவது இதை மட்டும் சொல்லியிருந்தா டெஸ்ட் எழுதியிருப்பேன்.

சரி, அப்போ கடைக்காரர் ஏமாத்திட்டாரா? போன வருஷம் பிசினஸ் லா பேப்பர்ல படிச்சோமே, 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம். அதுல 16-வது பிரிவு. வாங்கறவன் ஜாக்கிரதையா இருக்கணும்ங்கறது பொது விதி. ஆனா எதுக்காக வாங்கறேன்னு விக்கிறவர்கிட்ட சொல்லி, அவரோட அனுபவத்தை நம்பி வாங்கினா, அந்த உபயோகத்துக்குப் பொருள் சரியா இருக்கணும்ங்கறது விதிவிலக்கு. பரீட்சைக்கு எட்டு மார்க்குக்கு எழுதினேன். கடையில போய் நான் கேட்டது என்ன? "அண்ணே, நல்ல ஃபாஸ்ட் சி டைப் ஒயர் ஒண்ணு." எதுக்குன்னு சொல்லலை. செல்போன் கடையில ஃபாஸ்ட்னா சார்ஜ்தான். அவர் கொடுத்தது நான் கேட்டதுதான். நூறு வாட்னு அட்டையில போட்டிருந்ததும் பொய்யில்லை, அப்புறம் அண்ணனோட லேப்டாப்பை அது நல்லாவே சார்ஜ் பண்ணுச்சு. கேஸ் போட்டா தோத்துடுவேன்.

எனக்குக் கோவம் பேர் வெச்சவங்க மேலதான். கேளுங்க இந்தக் கதையை. 2008-ல யூஎஸ்பி 3.0 வந்தது, 5 கிகாபிட். 2013-ல 10 கிகாபிட் வந்தது, அதுக்குப் பேர் 3.1. அதோட விட்டாங்களா? பழைய 3.0-வுக்கு "3.1 ஜென் 1"ன்னு பேரை மாத்தினாங்க. 2017-ல 20 கிகாபிட் வந்தப்போ எல்லாத்துக்கும் 3.2ன்னு குடும்பப் பேர். அதே 2008-ம் வருஷத்து வேகம் இப்போ "3.2 ஜென் 1". அதாவது அட்டையில வெறும் "யூஎஸ்பி 3.2"ன்னு இருந்தா அது 5-ஆவும் இருக்கலாம், 10-ஆவும் இருக்கலாம், 20-ஆவும் இருக்கலாம். ஒரு கம்பெனி மூணு தடவை பேரை மாத்தினா ஆடிட்டர் சும்மா இருப்பாரா? 2022-லதான் அவங்களுக்கே புத்தி வந்து, அட்டையில, ஒயர்ல பேரெல்லாம் வேண்டாம், இத்தனை கிகாபிட், இத்தனை வாட்னு நம்பரை மட்டும் போடுங்கன்னு சொன்னாங்க. அந்த ரெண்டு நம்பரும் இல்லாத அட்டையை நான் இப்போ கையில எடுக்கறதில்லை.

மைக்ரோ எகனாமிக்ஸ்ல அகர்லாஃப்னு ஒருத்தர் வருவாரே, 1970-ல பழைய கார் சந்தையை வெச்சு எழுதினவர், 2001-ல நோபல் பரிசு வாங்கினவர். நல்ல காரும் ஓட்டைக் காரும் வாங்கறவன் கண்ணுக்கு ஒண்ணாத் தெரிஞ்சா, நல்ல காருக்கு நல்ல விலை கொடுக்க யாரும் வரமாட்டாங்க, கடைசியில சந்தையில ஓட்டைக் கார்தான் மிஞ்சும்னார். கிளாஸ்ல அது புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். நிஜமாப் புரிஞ்சது எங்க வீட்டு டிராயரைத் திறந்தப்போதான்.

ஊர் திரும்பின மறுநாள், ஞாயித்துக்கிழமை, வீட்டுல இருந்த சி ஒயரெல்லாம் எடுத்து வரிசையா வெச்சேன். அஞ்சு ஒயர். என் போனோட வந்தது, அம்மா போனோடது, காதுல மாட்டற புளூடூத்தோட வந்தது, நம்ம 299, ஸ்டூடியோவுலேர்ந்து எடுத்துட்டு வந்த ஜாண் ஒயர். அண்ணன்கிட்ட டிரைவைக் கடன் வாங்கி, ஒரே 20 ஜிபி ஃபைலை ஒவ்வொரு ஒயர்லயும் காப்பி போட்டுப் பாத்தேன். என் போன் ஒயர் 38. 299-ம் 38. அம்மாவோடது ஒரு பக்கம் சி, மறுபக்கம் பழைய தட்டை முனை, அதுவும் 38. புளூடூத் ஒயர்ல சொருகினா டிரைவ் வந்ததாவே கம்ப்யூட்டருக்குத் தெரியலை, உள்ள டேட்டா கம்பியே கிடையாது போல. ஜாண் ஒயர் மட்டும் 430. பாக்க எல்லாம் ஒரே முகம். இருக்கிறதுலயே ஒல்லியான, அழுக்கான ஒயரை விட பதினோரு மடங்கு ஓடினது நான் டிராயர்ல போட்டு மூடினது.

எடிட்டருக்கு 700 வந்ததே, உனக்கு ஏன் 430னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பீங்க. என் லேப்டாப்போட ஓட்டை 5 கிகாபிட்தான். ஸ்டூடியோ கம்ப்யூட்டர் 10. டிரைவ், ஒயர், ஓட்டை, இதுல எது மெதுவோ அதோட வேகம்தான் மொத்தத்துக்கும். இதை மறந்துட்டு காஸ்ட்லி ஒயர் வாங்கினா காசு தண்டம். ஐபோன் வெச்சிருக்கிற நம்ம கிளாஸ் சீமான்கள் கவனிக்க: 2023-ல வந்த ஐபோன் 15-ல சி ஓட்டை இருக்கு, வேகம் 480 மெகாபிட்தான், எந்த ஒயர் போட்டாலும் அதுதான். அதே வருஷத்து 15 ப்ரோ 10 கிகாபிட் போகும், ஆனா பெட்டியில கூட வர்ற ஒயர் 480 மெகாபிட்! தனியா ஒயர் வாங்கினாத்தான் அந்த வேகம்.

ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28லேர்ந்து புதுசா விக்கிற போன் எல்லாத்துக்கும் சி ஓட்டை கட்டாயம். ஓட்டை ஒண்ணாச்சு, நல்லது. ஒயரோட டேட்டா வேகம் ஒண்ணாகலை.

அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். போறதுக்கு முன்னாடி ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். முதல் கடையில சீட்டைக் காட்டினதும் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு ஒரு நூல் பின்னலை எடுத்து நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டு வந்துட்டேன். ரெண்டாவது கடையில மூணு மீட்டர் ஒயர் ஒண்ணுல 40 கிகாபிட்னு போட்டிருந்தது, விலை 350. உள்ள கூடுதல் எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத சாதா ஒயர்ல 40 கிகாபிட் ஓடணும்னா நீளம் 80 சென்டிமீட்டர் பக்கம்தான். 10 கிகாபிட்டுக்கு ஒரு மீட்டர், 5-க்கு ரெண்டு மீட்டர் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வேகம் கூடக்கூட ஒயர் குட்டையாகணும். என் டிரைவ் பெட்டியில வந்த ஒயர் ஜாண் நீளம் இருந்ததுக்குக் காரணம் கம்பெனியோட கஞ்சத்தனம்னு நினைச்சேனே... மூணு மீட்டர், 350 ரூபாய், 40 கிகாபிட்னா ஒண்ணு அட்டை பொய், இல்லை விலை பொய்.

மூணாவது கடையில ஒரு அக்கா. சீட்டை வாங்கவே இல்லை. "என்னத்துக்கு? சார்ஜுக்கா, டேட்டாவுக்கா, மானிட்டர் மாட்டவா?"ன்னு கேட்டாங்க. பிரிவு 16 கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு! முழுக்கதையையும் சொன்னேன், மதுரை உட்பட. அவங்க சிரிச்சுட்டு உள்ளேர்ந்து ஒரு சின்ன பெட்டி எடுத்தாங்க. ஒரு மீட்டர், 10 கிகாபிட், 100 வாட். 850 சொன்னாங்க, 750-க்கு முடிச்சேன். லேப்டாப்பும் டிரைவும் கையோட கொண்டு போயிருந்ததால அங்கேயே சொருகிப் பாத்தேன். 430. சாயங்காலம் ஸ்டூடியோவுல 800-க்கு மேல ஓடுச்சு. மானிட்டர்னு ஏன் கேட்டாங்கன்னா, சி ஓட்டை வழியா படம் போறதுக்கும் அதே நாலு ஜோடி கம்பிதான் வேணும். சார்ஜ் ஒயர்ல மானிட்டர் மாட்டினா திரை கறுப்பாவே இருக்கும்.

மின்னல் படம் போட்ட தண்டர்போல்ட் ஒயரும் அங்கே இருந்தது. விலை நாலு மடங்கு. 10 கிகாபிட் டிரைவுக்கு அது எதுக்குன்னு அக்காவே சொல்லிட்டாங்க. அதுலயும் ஒரு கூத்து உண்டு. பழைய தண்டர்போல்ட் 3-ல ரெண்டு மீட்டர் ஆக்டிவ் ஒயர்னு ஒரு ரகம். தண்டர்போல்ட் டிரைவுல 40 கிகாபிட் போகும். சாதாரண யூஎஸ்பி டிரைவுல மாட்டினா 480 மெகாபிட்டுக்கு இறங்கிடும். காசைக் கொட்டி 38-க்கே திரும்பி வரலாம்.

சார்ஜ் பக்கம் சுருக்கமாச் சொல்லிடறேன், ஏன்னா அதுல ஏமாறது குறைவு. ஒழுங்கான சி-க்கு-சி ஒயர் எதுவா இருந்தாலும் 60 வாட் தாங்கும், போனுக்கு அது எதேஷ்டம். அதுக்கு மேல போகணும்னா, முனையில ஒரு சின்ன சிப் இருக்கணும். "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்"னு அது சார்ஜர்கிட்ட சொல்லும். சொல்லலைன்னா சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல விடாது. 20 வோல்ட், 5 ஆம்பியர், நூறு வாட். 2021-ல அதை 240 வரைக்கும் ஏத்தியாச்சு, 48 வோல்ட். "இவ்ளோ வாட்டு ஒயரைப் போட்டா என் போனு வெடிச்சிடாது?"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. வெடிக்காது. போன் கேக்கிறதுதான் வரும். ஆனா சில போன் கம்பெனிகள் தனக்குன்னு ஒரு அதிவேக சார்ஜ் முறை வெச்சிருக்கும், அதுக்கு அவங்க சார்ஜரும் அவங்க ஒயருமே வேணும். அந்த ஒயரைத் தொலைச்சுடாதீங்க.

பயப்பட வேண்டியது ஒயர்ல கம்பியைத் தப்பா இணைச்சிருந்தாத்தான். கூகுள்ல பென்சன் லியுங்னு ஒரு இன்ஜினியர். 2015-லேர்ந்து கடையில விக்கிற சி ஒயர்களை ஒவ்வொண்ணா வாங்கி, சோதிச்சு, நல்லது கெட்டதை எழுதிட்டு வந்தார். தட்டை முனை ஒயருக்குள்ள 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கணும், பல மலிவு ஒயர்ல 10 கிலோ ஓம் போட்டிருந்தாங்க. அதனால போன், சார்ஜர் தாங்காத கரண்ட்டை இழுக்கப் பாக்கும். 2016 பிப்ரவரியில ஒரு ஒயரைச் சோதிக்கப் போய் அவரோட லேப்டாப்பே போச்சு. உள்ள கரண்ட் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறி இருந்ததாம். படிச்சதும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்தது. எனக்குப் போனது ஒரு டெஸ்ட்தான்.

அந்த டெஸ்ட். திங்கக்கிழமை மேடம் காரணம் கேட்டாங்க. "ஒயர் ஸ்லோ மேடம்"னு சொன்னேன். கிளாஸே சிரிச்சது, உங்களுக்கே தெரியும். மறுபடி டெஸ்ட் கிடையாதுன்னுட்டாங்க, ரெண்டு அசைன்மென்ட் எழுதி வாங்கிட்டு 25-க்கு 11 போட்டாங்க. இந்த ஒயரோட அடக்க விலையை நானே ஒரு ராத்திரி நோட்டுல போட்டுப் பாத்தேன். வாங்கின விலை 299. போக வர பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் ஆயிரத்தைத் தாண்டிடுச்சு, அதை அண்ணன் கொடுக்க வந்தும் நான் வாங்கலை. புது ஒயர் 750. சனிக்கிழமை சம்பளம் போச்சு. மார்க்கை எந்தத் தலைப்புல எழுதறதுன்னு தெரியாம நோட்டை மூடிட்டேன்.

ரிசப்ஷன்ல வீடியோ ஓடுச்சு. நல்லா இருந்ததாம். பாக்கிப் பணமும் வந்தது. ஒயர் விஷயத்தை அண்ணன்கிட்ட நானே ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன். எடிட்டர் சொல்லியிருப்பார்னு நினைச்சேன், அவர் சொல்லவே இல்லை. அண்ணன் டிராயரைத் திறந்து, அந்த ஜாண் ஒயரை எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு டிரைவோடவே கட்டி வெச்சார். அன்னைக்கு டெஸ்ட் இருந்ததை மட்டும் நான் இன்னும் சொல்லலை. இதை அவர் படிக்கமாட்டார்னு ஒரு நம்பிக்கை.

புது 10 கிகாபிட் ஒயர்ல அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுத்தி வெச்சிருக்கேன். இதுல யாரும் போன் சார்ஜ் போடக்கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டேன். "ஓட்டை ஒண்ணுதானடா?"ன்னாங்க அம்மா. இப்போ, நான் இதை எழுதிட்டிருக்கிற இந்த நேரத்துல, அது சமையலறையில மிக்ஸிக்குப் பக்கத்து பிளக்குல அம்மா போனைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கு. ஏழு மணிக்கு ஸ்டூடியோவுல ஒரு வளைகாப்பு வீடியோ இறக்கணும். போய் பிடுங்கிட்டு வரேன்.